ஓமச் சாறு குடல் தசையைத் தளர்த்துதா? கோழிக் குடல்ல ஆர்கன் பாத் வச்சுப் பார்க்க முழு வழிகாட்டி

புராஜெக்டுக்கு வர்ற பசங்க முதல் நாளே எக்ஸ்ட்ராக்ட் பாட்டிலைக் கையில வச்சுக்கிட்டுதான் நிப்பாங்க. சாறு ரெடி, குடல் கிடைச்சா ஊத்திப் பார்த்துடலாம்னு அவசரம். அங்கதான் வேலை கெடுது. இந்த வேலையில எக்ஸ்ட்ராக்ட் கடைசியில வர்ற பொருள். அதுக்கு முன்னாடி கரைசல் சரியா இருக்கணும், குடல் உயிரோட இருக்கணும், ஒரே டோஸுக்கு ஒரே மாதிரி சுருங்கணும், சாறைக் கரைச்ச வெறும் கரைப்பான் எதுவும் செய்யலைன்னு தெரிஞ்சிருக்கணும். இதெல்லாம் முடிஞ்ச பிறகு கிராஃப் இறங்கினாதான் அது ஓமத்தோட வேலைன்னு சொல்ல முடியும். பல பேட்சுக்கு செஞ்சு காட்டினதுல எங்கெங்க தடுக்கி விழுறாங்கன்னு பார்த்து, அந்த வரிசைப்படியே எழுதுறேன்.

1. கையில என்னென்ன இருக்கணும்

20 மிலி ஆர்கன் பாத் (குடல் துண்டை உப்புக் கரைசல்ல தொங்கவிட்டு உயிரோட வச்சுக்கிற கண்ணாடிக் குழாய்), 37 டிகிரியில நிக்கிற வாட்டர் பாத், காத்து விடுற ஏரேட்டர், சுருக்கத்தை எழுதுறதுக்கு கைமோகிராஃபோ (லீவர்ங்கிற கம்பி அசையறதைத் தாள்ல வரையிற கருவி) டிரான்ஸ்டியூசரோ (இழுவையை மின் சிக்னலா மாத்துறது) எது இருக்கோ அது. நூல், வளைஞ்ச ஊசி, சின்ன கத்தரி, பெட்ரி டிஷ், 1 மிலி சிரிஞ்சு நாலஞ்சு. மருந்துல குடலைச் சுருக்குற அசிட்டைல்கோலின், அதைத் தடுக்கிற அட்ரோபின், கால்சியம் சேனலை அடைக்கிற வெராபமில், பொட்டாசியம் குளோரைடு.

முயல், கினி பிக் எல்லாம் விலங்கு எத்திக்ஸ் கமிட்டி அனுமதி இல்லாம தொடவே கூடாது. பி.ஃபார்ம் பிராக்டிகல்ல இதெல்லாம் சாஃப்ட்வேர்ல காட்டுற மாதிரி மாறியாச்சு. ஆனா கறிக்கடையில எப்படியும் தூக்கிப் போடப் போற கோழிக் குடல் நல்லாவே வேலை செய்யும், இதுக்காக ஒரு உயிரைக் கொல்லவும் வேண்டாம். கடைக் குடல்தானேன்னு விட்டுடாம காலேஜ் கமிட்டிகிட்ட எழுத்துல ஒரு வார்த்தை வாங்கி வச்சுக்கோங்க, தீசிஸ் சமயத்துல கேப்பாங்க.

2. ஓமம்: முதல்ல அது ஓமம்தானான்னு பாருங்க

நாட்டு மருந்துக் கடையில ரெண்டு ஓமம் இருக்கும். ஒன்னு நம்ம சமையல் ஓமம், இன்னொன்னு குரோசாணி ஓமம். பேருதான் ஒன்னு, செடி வேற. குரோசாணி ஓமத்துல ஹயோசயமின், ஸ்கோபாலமின் இருக்கு, அதாவது அட்ரோபின் குடும்பம். அந்த விதை கலந்திருந்தா உங்க சாறு அசிட்டைல்கோலினை அழகா தடுக்கும், கிராஃப் பாடப்புத்தகம் மாதிரி வரும், நீங்களும் ஓமத்துல புது குணம் கண்டுபிடிச்சதா நினைச்சுப்பீங்க. அதனால வாங்கின விதையில ஒரு பங்கை எடுத்து வச்சு, செடியை அடையாளம் பார்த்து சான்றிதழ் வாங்குங்க. கோயம்புத்தூர்ல இருக்கிற பொட்டானிக்கல் சர்வே ஆஃப் இந்தியா தென் மண்டல மையத்துல இதைச் செஞ்சு தர்றாங்க.

அடுத்து, எந்தச் சாறு எடுக்கப் போறீங்கன்னு முடிவு பண்ணுங்க. ஓமத்துல தசையைத் தளர்த்துற முக்கியமான சரக்கு தைமால், அது வாசனையோடயே பறக்கிற பொருள். திறந்த பாத்திரத்துல அரை மணி நேரம் கொதிக்க வச்சா லேப் முழுக்க மணக்கும், மணந்ததெல்லாம் உங்க சாறுல இல்லாம போனதுதான். வீட்டுல குழந்தைக்கு குடுக்கிற ஓம வாட்டர் இதுக்கு நேர் எதிர், ஆவியைப் பிடிச்சு இறக்குறது, அதுல பறக்கிற பொருள் மட்டும்தான் இருக்கும். ரெண்டையும் ஓமச் சாறுன்னு ஒரே பேர்ல எழுதாதீங்க.

புதுசா செய்றவங்களுக்கு நான் சொல்றது 70 சதவீத ஆல்கஹால்ல ஊற வைக்கிறது. நிழல்ல உலர்த்தி கரகரப்பா பொடிச்ச விதை 100 கிராம், கரைப்பான் 500 மிலி, மூடி வச்சு 3 நாள், நடுநடுவே குலுக்கணும். மெல்லிசு துணியில வடிச்சு, அப்புறம் ஃபில்டர் பேப்பர்ல வடிச்சு, சக்கையை இன்னும் ரெண்டு தடவை இதே மாதிரி ஊற வச்சு எல்லாத்தையும் சேர்த்து ரோட்டரி எவாப்பரேட்டர்ல 40 டிகிரிக்கு மேல போகாம வத்த வைங்க. கடைசியில கிடைச்சதை எடை போட்டு எத்தனை கிராம் விதைக்கு எத்தனை கிராம் சாறுன்னு குறிச்சு வைங்க, அந்தக் கணக்கு இல்லாம வேற யாராலயும் இதைத் திரும்பச் செய்ய முடியாது.

3. டைரோடு (குடலை உயிரோட வைக்கிற உப்புக் கரைசல்): கால்சியம் கடைசியில

ஒரு லிட்டருக்கு:

சோடியம் குளோரைடு 8 கிராம்
பொட்டாசியம் குளோரைடு 0.2 கிராம்
மெக்னீசியம் குளோரைடு 0.1 கிராம்
சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 0.05 கிராம்
சோடியம் பைகார்பனேட் 1 கிராம்
குளுக்கோஸ் 1 கிராம்
கால்சியம் குளோரைடு 0.2 கிராம்

கால்சியத்தை மத்ததோட சேர்த்து கொட்டினா பைகார்பனேட், பாஸ்பேட் ரெண்டோடயும் சேர்ந்து வெள்ளையா கலங்கி அடியில உக்காந்துடும். சுருங்கறதுக்கு கால்சியம் வேணும், அது பீக்கர் அடியில கிடந்தா குடல் எப்படி சுருங்கும்? ஒரு பொண்ணு மதியம் முழுக்க டோஸை ஏத்திக்கிட்டே இருந்தா, லீவர் அசையவே இல்ல, கடைசியில பீக்கரை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தா லேசா மோர்த்தண்ணி மாதிரி இருந்துச்சு. அதனால கால்சியத்தைத் தனியா கொஞ்சம் தண்ணியில கரைச்சு, மத்ததெல்லாம் முழுசா கரைஞ்சு லிட்டருக்கு கிட்ட வந்த பிறகு, கலக்கிக்கிட்டே சொட்டுச் சொட்டா விடுங்க. கலங்கினா கொட்டிட்டு புதுசா போடுங்க, வடிகட்டி சமாளிக்கலாம்னு பார்க்காதீங்க.

இன்னொரு தப்பு பாட்டில் லேபிள்ல இருக்கு. மேல சொன்ன 0.2 கிராம் தண்ணி சேராத கால்சியம் குளோரைடுக்கு. பாட்டில்ல டைஹைட்ரேட்னு போட்டிருந்தா 0.265 கிராம் போடணும். மெக்னீசியம் ஹெக்சாஹைட்ரேட்னா 0.1 இல்ல, 0.21 கிராம்.

குளுக்கோஸை அன்னன்னைக்கே சேருங்க, முதல் நாளே கரைச்சு வச்சா கிருமி வளரும். பி.ஹெச் 7.4 கிட்ட இருக்கணும். டைரோடுக்கு சாதா காத்து போதும். கார்போஜன் (ஆக்சிஜனோட 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த வாயு) சிலிண்டர் இருக்கேன்னு அதைக் குடுத்தா, இதுல பைகார்பனேட் கம்மிங்கிறதால பி.ஹெச் 7.1 பக்கம் இறங்கிடும், கார்போஜன் பைகார்பனேட் கூட இருக்கிற கிரெப்ஸ் கரைசலுக்குத்தான் பொருத்தம்.

4. கடைக்குப் போறதுக்கு முன்னாடியே பாத் ஓடணும்

குடலைக் கொண்டு வந்து வச்சுட்டு ஹீட்டரை போடாதீங்க. முதல்ல பாத்தை நிரப்பி, தெர்மாமீட்டரை உள் பாத்துக்குள்ளயே விட்டு 37 டிகிரி காட்டுதான்னு பாருங்க, வெளித் தண்ணி 37 காட்டினாலும் உள்ள ஒரு டிகிரி குறைவாத்தான் இருக்கும். வாஷ் பண்ற டைரோடும் சூடாகித்தான் உள்ள வரணும், இல்லாட்டி ஒவ்வொரு வாஷுக்கும் குடல் குளிர்ல ஆட்டம் காட்டும்.

பாத்துல 20 மிலி அளவுக்கு மார்க்கர்ல ஒரு கோடு போடுங்க. வாஷ் முடிச்சு ஒரு தடவை 18, ஒரு தடவை 22ன்னு நிரப்பினா மருந்து அளவே மாறிப் போகும். காத்துக் குமிழ் சின்னதா, சீரா, குடல் மேல முட்டாம ஓரமா வரணும்.

5. கோழிக் கடையில

காலையில கூட்டம் வர்றதுக்கு முன்னாடி போய் கடைக்காரர்கிட்ட விஷயத்தை விளக்கிச் சொல்லுங்க. "அண்ணே, சுடுதண்ணியில முக்காம தோல் உரிக்கிற கோழியில குடல் வேணும், இழுக்காம எடுத்துக் குடுங்க, பைப்புல கழுவிடாதீங்க"ன்னு நான் ஒவ்வொரு தடவையும் சொல்வேன். மூணுக்கும் காரணம் இருக்கு. இறகு போக சுடுதண்ணியில முக்குறது வயித்துப் பக்கம் எவ்வளவு சூடு ஏத்துச்சுன்னு நமக்குத் தெரியாது. கையால சர்ருன்னு இழுத்தா நீளத் தசை கிழிஞ்சு போகும். பச்சைத் தண்ணியில உப்பு இல்ல, அது பட்டா செல் ஊதிப் போகும்.

கோழியில ரெண்டு குடல்வால் பை நீளமா இருக்கும், அதுங்களுக்கு நடுவுல ஒட்டிக்கிட்டு ஓடுற பகுதிதான் இலியம், சிறுகுடலோட கடைசிப் பகுதி. அதை வெட்டி உடனே குளிர்ந்த டைரோடு இருக்கிற பிளாஸ்க்ல போட்டு கொண்டு வாங்க. எந்நேரம் அறுத்தாங்க, எந்நேரம் பாத்துல மாட்டினீங்கன்னு ரெண்டையும் நோட்டுல எழுதுங்க.

6. கட்டுறது

பெட்ரி டிஷ்ல டைரோடு ஊத்தி, காத்து விட்டுக்கிட்டே வேலை பாருங்க. மெசன்டரியை (குடலைப் பிடிச்சுக்கிட்டிருக்கிற சவ்வு) கத்தரியால வெட்டி எடுங்க, பிய்க்காதீங்க. உள்ள இருக்கிற கழிவை விரலால நீவி எடுக்கறது ரொம்ப பேர் பண்ற தப்பு, நீவினா குடல் நசுங்குது. பைப்பெட்ல டைரோடு எடுத்து மெதுவா உள்ள விட்டா தானா வெளிய வரும்.

2லிருந்து 3 சென்டிமீட்டர் துண்டு. ஊசியை குடல் சுவத்தோட ஒரு பக்கம் மட்டும் கோத்து எடுத்து முடிச்சு போடணும், மேல் முனையில ஒன்னு, கீழ் முனையில எதிர்ப் பக்கம் ஒன்னு. பை வாயைக் கட்டுற மாதிரி சுத்திக் கட்டிட்டா உள்ள கரைசல் போகாது, வாஷ் பண்ணும்போது உள்ள மாட்டின மருந்து வெளிய வராது, அடுத்த டோஸ்ல அது கலந்து வரும். கீழ் நூலை டிஷ்யூ ஹோல்டர்லயும் மேல் நூலை லீவர்லயும் கட்டுங்க. நூல் நேரா தொங்கணும், கண்ணாடியில உரசக் கூடாது.

7. ஒரு மணி நேரம் விடுங்க

அரை கிராமுலிருந்து 1 கிராம் வரை இழுவை குடுத்து, 10லிருந்து 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை கரைசலை மாத்திக்கிட்டு ஒரு மணி நேரம் விடுங்க. வெட்டின குடல் முதல்ல இறுகிப் போய் இருக்கும், அதுல இருந்து கழிவுப் பொருளும் உள்ளேயே சுரந்த சரக்கும் வந்துக்கிட்டே இருக்கும். இந்த நேரத்துல பேஸ்லைன், அதாவது மருந்து எதுவும் இல்லாம நிக்கிற கோடு, தானா இறங்கும். இறங்கிக்கிட்டு இருக்கும்போதே சாறு ஊத்தினா அந்த இறக்கம் முழுக்க ஓமத்தோட கணக்குல சேர்ந்துடும். நான் பார்த்ததுல அதிகமா நடக்கிற தப்பு இதுதான், கிராஃபைப் பார்த்தா தப்புன்னே தெரியாது, அவ்வளவு நல்லா இருக்கும்.

8. அசிட்டைல்கோலினுக்கு ஒழுங்கா பதில் சொல்லணும்

18.2 மி.கி அசிட்டைல்கோலின் குளோரைடை 10 மிலி தண்ணியில கரைச்சா 10 மில்லிமோலார் ஸ்டாக். இது காரத்துல சீக்கிரம் உடைஞ்சு போற பொருள், அதனால லேசா அமிலத் தன்மை இருக்கிற தண்ணியில கரைச்சு ஐஸ்ல வைங்க, நேத்து மிச்சத்தை இன்னிக்கு எடுக்காதீங்க. பத்துப் பத்து மடங்கா நீர்த்து வரிசையா அடுக்கிக்கோங்க.

20 மிலி பாத்துல 0.2 மிலி ஊத்தினா நூறுல ஒரு பங்கு ஆகும், அதாவது 100 மைக்ரோமோலார் ஸ்டாக் பாத்துக்குள்ள 1 மைக்ரோமோலார் ஆகும். நோட்டுல எழுத வேண்டியது இந்தப் பாத்துக்குள்ள இருக்கிற அளவைத்தான். "0.2 மிலி குடுத்தேன்"னு மட்டும் எழுதி வச்சா ஆறு மாசம் கழிச்சு உங்களுக்கே புரியாது.

30 வினாடி பேஸ்லைன், மருந்து ஊத்தி 30 வினாடி, மூணு தடவை வாஷ், மொத்தம் 5 நிமிஷச் சுத்து. முதல்ல ஒரு நடுத்தர டோஸை திரும்பத் திரும்பக் குடுங்க. வரிசையா மூணு தடவை உயரம் 10 சதவீதத்துக்குள்ள ஒத்து வந்தா அந்த டிஷ்யூவை நம்பலாம். வரலையா, இன்னும் அரை மணி நேரம் குடுங்க, அப்பவும் வரலைன்னா மாத்திடுங்க. அப்புறம் 10 நானோமோலார்ல ஆரம்பிச்சு இதுக்கு மேல உயரம் ஏறாதுங்கிற வரைக்கும் டோஸ் வரிசை எடுங்க. எந்த டோஸுக்கு எவ்வளவு உயரம்னு வரைஞ்சா, இதுதான் உங்க கன்ட்ரோல் கர்வ்.

9. சாறு இல்லாம சாறுக்கு ஒரு சோதனை

இந்தப் படியை முக்கால்வாசிப் பேர் தாண்டிப் போறாங்க, எனக்கு இதுலதான் ரொம்ப வருத்தம்.

முதல்ல கரைப்பான். ஓமச் சாறு தண்ணியில முழுசா கரையாது, தைமால் லிட்டருக்கு ஒரு கிராம் அளவுதான் கரையும், அதனால டி.எம்.எஸ்.ஓங்கிற (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) கரைப்பான் தேவைப்படும். அதுவே அதிகமானா குடலைத் தளர்த்தும், ஆல்கஹாலும் அப்படித்தான். பாத்துக்குள்ள 0.5 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது. மிலிக்கு 200 மி.கி ஸ்டாக் வச்சா 0.1 மிலியில பாத்துக்குள்ள மிலிக்கு 1 மி.கி வந்துடும், கரைப்பான் அப்பவே சரியா 0.5 சதவீதம். அதுக்கு மேல டோஸ் வேணும்னா இந்த ஸ்டாக்ல முடியாது. எக்ஸ்ட்ராக்ட் இல்லாத வெறும் கரைப்பானை அதே அளவு ஊத்தி, அதே நேரம் விட்டு, என்ன ஆகுதுன்னு பதிவு பண்ணுங்க.

ரெண்டாவது பொட்டாசியம். செடின்னாலே பொட்டாசியம் உண்டு, தண்ணிச் சாறுல அது அப்படியே இறங்கி வந்துடும். சாறுல 3 சதவீதம் பொட்டாசியம் இருக்குன்னு வச்சுக்கோங்க, பாத்துக்குள்ள மிலிக்கு 10 மி.கி ஊத்தினா கிட்டத்தட்ட 7.7 மில்லிமோலார் பொட்டாசியம் கூடுது. டைரோடுலயே மொத்தம் 2.7தான் இருக்கு. குடல் சுருங்கும், நீங்க "குறைஞ்ச டோஸ்ல தளர்வு, கூடின டோஸ்ல சுருக்கம்"னு ஒரு பாராவே எழுதுவீங்க. ஃபிளேம் ஃபோட்டோமீட்டர்ல சாறோட பொட்டாசியத்தை அளந்து, அதே அளவு பொட்டாசியம் குளோரைடை மட்டும் ஊத்திப் பார்த்துட்டீங்கன்னா சந்தேகம் தீரும்.

மூணாவது பி.ஹெச். அதிகபட்ச டோஸை 20 மிலி டைரோடுல கலந்து வெளியிலயே அளந்து பாருங்க. 7.4ல இருந்து நல்லா இறங்கியிருந்தா சாறை முன்னாடியே சரி பண்ணணும்.

10. இப்ப ஊத்தலாம்

ரெண்டு விதமா பாருங்க. முதல் விதம், அசிட்டைல்கோலின் குடுத்து சுருங்கி நிக்கும்போது சாறைச் சேர்த்துக்கிட்டே போறது. பாத்துக்குள்ள மிலிக்கு 0.01, 0.03, 0.1, 0.3, 1 மி.கின்னு ஏத்துங்க, ஒவ்வொன்னும் இறங்கி நின்ன பிறகு அடுத்தது. ஆனா கோழிக் குடல்ல அசிட்டைல்கோலின் சுருக்கம் ரொம்ப நேரம் நிக்காம தானாவே இறங்கலாம், உடைக்கிற நொதி குடல்லயே இருக்கு. அதுக்கு எளிதா உடையாத கார்பக்கால் 1 மைக்ரோமோலார் நல்லது. பக்கத்துல இன்னொரு துண்டை சாறு இல்லாம அதே நேரத்துக்கு ஓட விடுங்க, எது தானா இறங்கினது, எது சாறால இறங்கினதுன்னு அதை வச்சுத்தான் பிரிக்க முடியும்.

இன்னொரு விதம், சாறை 15 நிமிஷம் ஊற விட்டு, அது உள்ள இருக்கும்போதே அசிட்டைல்கோலின் கர்வை மறுபடி எடுக்கிறது. வாஷ் பண்ணும்போது சாறும் போயிடும்ங்கிறதை மறந்துடாதீங்க, ஒவ்வொரு சுத்துக்கும் திரும்பச் சேர்க்கணும், இல்லாட்டி கர்வை வாஷ் இல்லாம மேல மேல டோஸ் ஏத்தி எடுக்கணும். எப்படி எடுத்தாலும் கன்ட்ரோல் கர்வையும் அதே முறையில எடுத்திருக்கணும்.

முடிஞ்சதும் வாஷ் பண்ணி அரை மணி நேரத்துல பழைய டோஸ் குடுங்க. உயரம் திரும்பி வந்தா அது தளர்வு. வரவே இல்லைன்னா நீங்க டிஷ்யூவைக் கொன்னிருக்கீங்க, அந்த டோஸை தளர்வுன்னு எழுதாதீங்க.

11. எந்த வழியில தளர்த்துது

அசிட்டைல்கோலின் தசை செல் மேல இருக்கிற மஸ்கரினிக் ரிசெப்டர்ல (அது வந்து ஒட்டுற இடம்) உக்காந்து, செல்லுக்குள்ள கால்சியத்தை ஏத்தித்தான் சுருங்க வைக்குது. சாறு ரிசெப்டர்ல தடுக்குதா, கால்சியம் வர்ற கதவுல தடுக்குதாங்கிறதுதான் கேள்வி.

அட்ரோபின் 10 நானோமோலார் வச்சு ஒரு கர்வ் எடுங்க. அது வலது பக்கம் தள்ளிப் போகும், அதாவது அதே உயரத்துக்குக் கூடுதல் டோஸ் வேணும், ஆனா உச்சி உயரம் குறையாது. உங்க சாறுல கர்வ் தள்றதோட உச்சியும் தாழ்ந்தா, ரிசெப்டருக்கான வெறும் போட்டி இல்ல, வேற வேலை நடக்குது. அட்ரோபின் மாதிரியே வந்தா திரும்ப 2ஆம் படிக்குப் போய் விதையைப் பாருங்க.

அடுத்து பொட்டாசியம். 22.4 கிராம் பொட்டாசியம் குளோரைடு 100 மிலியில கரைச்சா 3 மோலார். அதுல 0.5 மிலி பாத்துல விட்டா உள்ள சுமார் 76 மில்லிமோலார் ஆகி, ரிசெப்டர் எதுவும் வேண்டாம, கால்சியம் சேனல் திறந்து குடல் சுருங்கும். இங்க ஒரு சிக்கல், பொட்டாசியம் குடல்ல இருக்கிற நரம்பு நுனியையும் தூண்டி அசிட்டைல்கோலினை வெளிய விடும். அதனால முதல்லயே அட்ரோபின் 1 மைக்ரோமோலார் போட்டுடுங்க. இந்தச் சுருக்கத்தையும் சாறு இறக்கினா கால்சியம் சேனல் பக்கம் சந்தேகப்படலாம், வெராபமிலை பக்கத்துல ஓட்டி ஒப்பிடுங்க. 2005ல கராச்சி ஆகா கான் பல்கலைக்கழகத்துல அன்வர் கிலானி குழு முயல் ஜெஜுனத்துல (சிறுகுடலோட நடுப்பகுதி) ஓமச் சாறைப் பார்த்து, கால்சியம் சேனலை அடைக்கிற மாதிரி வேலை செய்யுதுன்னுதான் எழுதினாங்க. முயல்ல வந்தது கோழியில அப்படியே வரணும்னு இல்ல, உங்க கிராஃப் சொல்றதை எழுதுங்க.

12. கணக்கு

உயரத்தை மில்லிமீட்டர்ல அப்படியே ஒப்பிடாதீங்க, அந்தந்த டிஷ்யூவோட கன்ட்ரோல் உச்சியை 100ன்னு வச்சு சதவீதமா மாத்துங்க. ஒரு கோழியில இருந்து நாலு துண்டு எடுத்தா அது நாலு இல்ல, ஒன்னுதான். நாலையும் சராசரி எடுத்து அந்தக் கோழிக்கு ஒரு எண் போடுங்க, இப்படி அஞ்சாறு கோழி வேணும். ஒரே நாள்ல ஒரே கோழியை வச்சு எண்ணிக்கை 6ன்னு போட்டு வர்ற தீசிஸை நான் கையெழுத்து போடாம திருப்பி அனுப்பியிருக்கேன்.

பாத்துக்குள்ள மிலிக்கு 1 மி.கிங்கிறது ஆள் குடிக்கிற அளவு இல்ல. வயித்துல செரிச்சு, ரத்தத்துல கலந்து, குடல் தசைக்கு எவ்வளவு போகும்னு இந்தச் சோதனை சொல்லாது. "கோழி இலியத்துல இந்த அளவுல அசிட்டைல்கோலின் சுருக்கம் இத்தனை சதவீதம் குறைஞ்சது"ன்னு எழுதுங்க, "வயித்து வலிக்கு மருந்து"ன்னு எழுதாதீங்க.

13. பாத்தைக் கழுவுறது

தைமால் ரப்பர் குழாய்லயும் நூல்லயும் ஒட்டிக்கும். டைரோடுல மட்டும் கழுவிட்டுப் போனா மறுநாள் காலையில முதல் டிஷ்யூ சோர்ந்து போய் நிக்கும், ஏன்னு புரியாம கோழியைக் குத்தம் சொல்லிக்கிட்டு இருப்பீங்க. ஆல்கஹால் விட்டு ஒரு சுத்து, அப்புறம் டிஸ்டில்டு வாட்டர் அஞ்சு சுத்து. நூலைத் தூக்கிப் போட்டுடுங்க. குழாயை முகர்ந்து பாருங்க, ஓம வாசனை இருந்தா இன்னொரு தடவை கழுவணும், அப்பவும் போகலைன்னா குழாயை மாத்துங்க.